பயம் தின்ற அணில்

கணினிக்குள் பேசுகிற அந்தக் குரல் என்னுடையது.
போரூரில், சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டிய அறையில்
மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசியது.
"ழ சுத்தமா வருது மேடம்" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.
அந்த ஓர் எழுத்துக்குத்தான் கூலி
என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

இன்று கொருக்குப்பேட்டை.
மாநகராட்சிப் பள்ளி, இரண்டாம் வகுப்பு.
கணினி நான்கு, ஓடுவது மூன்று,
ஒரு மவுசுக்கு ஆறு கை.
ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ் வண்டி
போகிறது போகிறது போய்க்கொண்டே இருக்கிறது.

திரையில் அணில் மரமேறுகிறது.
"அணில் எதைத் தின்றது?" என்கிறேன் உள்ளிருந்து.
"அணில் பழம் தின்றது.
எழுத்துகளை இழுத்துக் கூடையில் போடு."

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிய மகிழினி
ப இழுக்கிறாள்
ய இழுக்கிறாள்
ம் இழுக்கிறாள்.
கூடை சிவக்கிறது.
இல்லை இல்லை என்று தலையாட்டுகிறது அணில்.
மறுபடி அதே மூன்று. மறுபடி சிவப்பு.
"பயம்னு தானே சொல்லுது?
இது இன்னாக்கா, லூசா?"

அவள் காதில் விழுந்தது நான் சொன்னதல்ல,
அவள் அம்மா தள்ளுவண்டியில் கூவுவது:
வாயப்பயம், பலாப்பயம், மாம்பயம்.
தித்திப்பில் ஒரு குறையும் இருந்திருக்காது.

எழுந்து போய் நாக்கை மடித்துக் காட்டியிருப்பேன்.
அதற்குள் அவள் கண்
திரையின் மூலைக்குப் போய்விட்டது.
காலையில் டீச்சர் தட்டித் தந்த பெயர் அங்கே இருந்தது.
வீட்டில், தெருவில், ஆஜர் எடுக்கும்போதும்
மகியினி தான் அவள்.
நடு எழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள்
கண்ணாடியில் ஒட்டிய அழுக்கோ என்பதுபோல.
"தொப்பி போட்டுக்கினு எம்பேர்ல குந்தினு கீது பாருக்கா!"

தொப்பி இல்லாத ஒன்றைத் தேடி இழுத்துப் போட்டாள்.
கூடை பச்சை.
அணில் கடித்தது.
மற்ற கைகள் எல்லாம் தட்டின.

அவள் தட்டவில்லை.
"அப்ப பயத்த யாரு துன்றது?"

எந்தப் பயம் என்றேன்.

"கேட்டு மூடி கூட்ஸு நின்னுச்சுனா
அடில பூந்து தான்கா வருவோம்.
பூந்துனு இருக்க சொல்லோ
மேல டொக்குனு ஒரு சவுண்டு வரும்.
அது."

என்னிடம் அதற்குப் பதிவு எதுவும் இல்லை.

சாயங்காலம் கேட் மூடியிருந்தது.
நாற்பத்தொரு பெட்டி எண்ணினேன், வண்டி நின்றது.
இரண்டு பையன்கள்
புத்தகப்பையை முதலில் உள்ளே தள்ளிவிட்டுக்
குனிந்தார்கள்.
டேய் என்று கத்த வாய் திறந்தேன்.
சுத்தமான குரல், வெளியே வரவில்லை.

மறுநாள் போரூர். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
கதையில் ஒரு பக்கம் கூடுகிறது என்றேன்.

"அணில் பயம் தின்றது."

"ழ போச்சு மேடம், இன்னொருவாட்டி."

இன்னொருவாட்டி சொன்னேன்,
அதையே.