பதின்மூன்றாவது முறை

கெமி துறைமுகச் சுங்க அலுவலகத்தில்
தொண்ணூறு நாளுக்கொருமுறை
புதுக் கடவுச்சொல் கேட்கும் திரை.
பெரிய எழுத்தொன்று, எண்ணொன்று, குறியொன்று.
பழைய பன்னிரண்டில் எதுவும் கூடாது.

ஹில்கா முதலில் வைத்திருந்தது
எர்க்கியின் பெயர், பிறந்த ஆண்டு,
ஒரு வியப்புக்குறி.
பனி உடைக்கும் கப்பலில் போனவன்
வேறொருத்தி வீட்டில் இறங்கிக்கொண்டான்.

அதன்பின்
மீன் விலை, பேருந்து எண்,
கடைசியாகப் பல் மருத்துவர்
என்று கைக்கு வந்ததையெல்லாம் போட்டுப்
பூட்டினாள்.

மூன்றாண்டு கழித்து ஒரு மார்ச் மாலை
சும்மா
அந்தப் பெயரை அடித்துப் பார்த்தாள்.
பச்சை காட்டி ஏற்றுக்கொண்டது.
பன்னிரண்டு தாண்டினால் அதற்கும் மறதிதான்.

மறுநாள் காலை
காப்பி ஆற
மூன்று தடவையும் பிழை.
கணக்கு முடங்கிவிட்டது.
அவள் விரல்கள்
பல் மருத்துவரையே
அடித்துக்கொண்டிருந்தன.