ஒட்டும் அட்டை

மாரி தொடங்கினதை வானொலி சொல்ல முதல்
எறும்பு சொன்னது.
மீட்டர்ப் பெட்டிக்குள் முட்டை முடிச்சோடு குடியேறி
லைட் போன ஒரு பின்னேரம்தான் பிடிபட்டது.
மறுகா மட்டத்தேள், மகனின் சப்பாத்துக்குள்.
மறுகா குளியலறைக் குழாயால் ஏறிவந்த கரப்பத்தான்கள்,
மீசையை முதலில் அனுப்பி
ஆளிருக்கா என்று பார்த்துவிட்டு.

பீ.எச்.ஐ. வந்தார். பூச்சாடி பார்த்தார், டயர் பார்த்தார்,
கடைசியில் பிரிட்ஜின் பின்தட்டுக்கு டோர்ச் அடித்து
"மிஸ்ஸி, இஞ்ச ஒருக்கா வாங்க" என்றார்.
நுளம்புக் குஞ்சுகள் நெளிந்தன.
ஆஸ்பத்திரி வெள்ளை உடுப்போடு நின்று
சிவப்பு நோட்டீசில் கையெழுத்துப் போட்டேன்.

இதெல்லாம் சமாளிக்கலாம்.
எலிதான் என் ஆள்.

நான் இரவு டியூட்டி, பகலில் உறங்குகிறவள்.
எலியும் அப்படித்தான் என்று படித்திருக்கிறேன். ஆனால்
நொச்சிமுனையில் எங்கள் சீலிங்கில் இருப்பது
பகலிலும் ஓவர்டைம் செய்யும்.
ஒன்பதரைக்கு எனக்குக் கண் சொருகும்.
ஒன்பது நாற்பதுக்கு, நெற்றிக்கு நேர் மேலே,
ஒரு சிரட்டையை இழுத்துப் போகும்.
எதுக்கு உனக்குச் சிரட்டை?
வாய்விட்டே கேட்டேன் ஒருநாள்.
நின்றது. யோசித்தது. திரும்ப இழுத்தது.

காத்தான்குடிக் கடையில் நசூர்தீன் நானா
மூன்று வகை மருந்தை மேசையில் பரப்பினார்.
"இதத் திண்டா தண்ணி தேடி வெளிய ஓடிரும், உள்ளுக்க சாகா."
"ஓடின எலியக் கண்டிருக்கீங்களா நானா?"
"எலி வந்து சொன்னாத்தானே மகள்."
ஒட்டும் அட்டையை எடுத்தேன், முந்நூற்றைம்பது ரூபாய்.

நெத்தலிக் கருவாடு வைத்தேன். மதிக்கவில்லை.
கச்சான் வைத்தேன். ஓரத்தில் கிடந்ததை மட்டும்
பொறுக்கிக்கொண்டு போனது.
"உன்னவிடப் படிச்ச எலி" என்றார் லோகிதன்.
சந்தனச் சவர்க்காரத்தில் ஒரு துண்டு வைத்துவிட்டு
வேலைக்குப் போனேன்.

அன்றிரவு ஏழாம் கட்டிலில் வவுணதீவு ஆள்,
கால்வெடிப்போடு வயல் தண்ணீரில் நின்றவர்.
எலிக்காய்ச்சல். கண் மஞ்சள்.
இரண்டு நாளாய்ச் சிறுநீர் இல்லை.
மணிக்கு மணி குனிந்து பையைப் பார்த்தேன்.
விடியப்புறம் நாலே காலுக்கு எழுபது மில்லி,
தேயிலைச் சாய நிறத்தில்.
அதைவிட வடிவான ஒன்றை அந்தக் கிழமை நான் காணவில்லை.
வெளி வாங்கில் இருந்த பெண்சாதியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்,
அவள் என் கையைப் பிடித்து அழுதாள்,
மூத்திரத்துக்கு.

கல்லடிப் பாலத்தால் பஸ் வந்தபோது
வாவி கறுத்து வீங்கிக் கிடந்தது.

குசினி அலுமாரிக்குக் கீழே அது.
ஒரு கன்னம் பசையில், மற்றக் கண் என்னில்.
விலா அடித்த அடியில்
என் கை தன்பாட்டில் மணிக்கூட்டைத் திருப்பியது.
பதினைந்து விநாடி எண்ணு, நாலால் பெருக்கு.
எண்ணுக்குள் நிற்கவில்லை.
நின்றாலும் எந்தத் தாளில் எழுத?

வாளியில் தண்ணீர் பிடித்தேன். கையுறை போட்டேன்.
அட்டையைக் கவிழ்த்து அமுக்கிக்கொண்டு
ஏழாம் கட்டிலை நினைத்தேன்.
அவருக்காகத்தான் இது என்று நினைக்கப் பார்த்தேன்.
பொய். என் உறக்கத்துக்காக.
குமிழி வந்தது.
பிறகு வரவில்லை.

கிணற்றடி கழுவி, கை கழுவி, திரும்பவும் கை கழுவி
படுத்தேன்.
ஒன்பதரை.
ஒன்பது நாற்பது.
ஒன்பது ஐம்பது.
சீட்டில் மழை மட்டும்.
கண் சொருகவில்லை.

பத்தே காலுக்கு, மேலே,
நடக்கப் பழகாத கால்கள் சில
சிரட்டையைச் சுற்றிச் சுற்றி உரசின.
எத்தனை என்று எண்ணாமல்
சுவர்ப்பக்கம் கிறுகிப் படுத்தேன்.