இனம் என்ற கட்டம்

விடிய ஐந்து நாற்பதுக்கு வத்து.
சோளகம் விழுந்த கிழமை. மயிலிட்டிப் பாறையை விட்டு
கடல் ஒரு முழம்தான் இறங்கும்,
அதற்குள் எண்ணி முடிக்க வேண்டும்.

பித்தளை ஆணியைப் பாசிக்குள் தடவியெடுத்து
அரை மீற்றர்ச் சட்டத்தை அதில் கொளுவுகிறேன்.
தங்கூசி இழுத்த இருபத்தைந்து கட்டம்.
தர்மிகா குந்தியிருந்து சொல்லச் சொல்ல
நனையாத தாளில் பென்சிலால் நான்:
கொட்டலசு, உயிருள்ளது, நாற்பத்தொன்று.
கொட்டலசு, வெறுங்கோது, பன்னிரண்டு.

படிவத்தின் தலையில் அச்சடித்திருக்கிறது: இனம்.
இந்தச் சொல்லுக்கு நேரே
எத்தனை வரிசையில் நின்று எழுதியிருப்பேன்.
அப்போதெல்லாம் ஒரேயொரு விடை,
எழுத முதலே அவர்களுக்குத் தெரிந்த விடை.
இங்கே முப்பத்தாறு.

தூண்டிலுக்கு நண்டு பிடிக்க வந்த ஜெயறூபன்
தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து
"இதுக்கும் ஆரும் காசு தருவினமோ அக்கா" என்கிறான்.
பிறகு அவனே ஒன்றைத் தொட்டு:
"இது தொப்பி ஊரி. வெள்ளம் ஏற மேயப் போகும்,
வத்த முதல் தன்ர இடத்துக்கு வந்திடும்."
தொப்பி ஊரி என்றே எழுதினேன்,
லத்தீனைப் பக்கத்தில் சின்னதாய்.

போன மாதம் இருபது தொப்பிகளுக்கு
நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தோம்.
பதினெட்டு இருக்கின்றன. ஒன்று கோதாய்க் கிடந்தது.
மற்றதன் இடத்தில்
தன் விளிம்புக்கு அளவாய் அது கல்லைத் தேய்த்த தழும்பு.
என் விரல்நுனி அதில் இறுகப் பொருந்துகிறது.

"செத்தது எண்டு போடவா?"

இல்லை.
கோது கிடைக்கும்வரை
காணவில்லை என்றுதான் எழுதவேண்டும்.
பார்த்தும் இல்லையென்றால் பூச்சியம்,
பார்க்கவே இல்லையென்றால் வெற்றிடம்.
இந்தக் கரைக்கு இருபத்தேழு வருட வெற்றிடம்.
முட்கம்பிக்கு அந்தப்பக்கம்
கொட்டலசின் மேல் கொட்டலசு பிறந்து செத்திருக்கும்.

கடைசிக் கட்டத்துக் குழியில்
சுண்டுவிரல் நகமளவு ஏதோ.
உளுந்துக் கறுப்பு, இரண்டு கொம்பு, ஓரம் மட்டும் மஞ்சள்.
இனந்தெரியாத என்று தொடங்கி நிறுத்தினேன்.
பேப்பரில் அந்தச் சொல்லுக்குப் பின்னால்
எப்போதும் நபர்கள் வருவார்கள்,
பிறகு ஒரு மோட்டார் சைக்கிள்.
அழித்துவிட்டு
"மஞ்சள்கரைக் கறுவல், ஒன்று" என்று போட்டேன்.
தற்காலிகம்.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது.
ஜெயறூபனின் வாளிக்குள் நண்டுகள் சுரண்டும் சத்தம்.
முடித்த நேரம் எழுத மறந்துபோனோம்,
ஏழு பத்து இருக்கும்.