பாகக் கணக்கு

முப்பத்துநான்கு தசம் ஆறு மீற்றர்.
ஒன்பது வருடக் கரையை ஜெஸ்மிலா
ஒரு பென்ட்ரைவில் கொண்டுவந்தாள்.

நான் கல்யாணக் கார்ட் அடிக்கிறவள்.
நிந்தவூரில் பாதி மாப்பிள்ளைமாரின் பெயர்
என் கணினியில்தான் பொன்னெழுத்தாகியது.
கரைக்கும் அப்படியே ஒன்று செய்தேன்:
ஏறிப்போகும் நீலத் தூண்கள்,
மூலையில் பொடி எழுத்தில் குறிவிளக்கம்.

கரைவலை வாடியில் விரித்தேன்.
'என்னகா இது, எலக்சன் முடிவா?'
'நீலம் எந்தக் கட்சி?'
ஆதம்பாவா மட்டும் கண்ணைச் சுருக்கினார்:
'மீற்றரை விடு புள்ள. எத்தினை பாகம்?'

பாகம்.
இரு கை விரித்தால்
ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி.
கயிறும் வலையும் ஆழமும் அளக்க
அவர் உடம்பிலேயே கொண்டுதிரியும் அளவுகோல்.

பத்தொன்பது பேர்.
ஐஸ் கொம்பனியின் நீள மதிலில்
விரலோடு விரல் தொட
ஆளளவில் வரைந்தேன், எல்லோருக்கும் ஒரே சாரன்.
கணினி காலத்தை இடமிருந்து அடுக்கும்.
இங்கே கடல் வலப்புறம்.
அது வந்த வழியே வருடங்களும் வரட்டுமென்று
வலமிருந்து தொடங்கினேன்.
மதரசா விட்டு வந்த பிள்ளைகள்
தயங்காமல் வாசித்துப் போனார்கள்.

ஜெஸ்மிலாவுக்குத் திருப்தியில்லை.
'வழு எங்கே? கூடக்குறைய அரை மீற்றர்.
அதை மறைத்தால் பொய்.'
காய்ந்த தூரிகையால்
கடைசி ஆளின் தரைப்பக்கக் கையை உரசினேன்.
விரல்கள் சுண்ணாம்பில் எங்கே முடிகின்றன என்று
யாராலும் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை, ஜும்மா கலைந்து
ஆண்கள் மதிலில் முதுகு சாய்த்து
கை விரித்துச் சரிபார்த்தார்கள்.
'நீ கட்டை, உன்னை வைச்சு அளந்தா
கடல் இன்னும் கிட்ட வந்திரும்.'
சிரிப்பு.
'ஏழாவது ஆள் என்ட வாடி,' என்றார் மீராலெவ்வை.
அதன் பிறகு எண்கள் போய்விட்டன.
பன்னிரண்டு, ரெட்டைத் தென்னை.
ஒன்பது, ஜவாதின் எஞ்சின் கொட்டில்.

அஸருக்குப் பின் சித்தி நயீமா தனியே வந்தார்.
'கிணறு எதுல?'
பதினான்குக்கும் பதினைந்துக்கும் இடையில்
கொஞ்ச நேரம் நின்றார்.
கை விரிக்கவில்லை.

மிச்ச மதிலை ஒரு போன் கம்பனி
வாடகைக்குக் கேட்டதாம்.
முதலாளி நிஃமத் காக்கா அச்சகத்துக்கே வந்தார்:
'குடுக்கட்டா? இல்லாட்டி உங்களுக்கு
இன்னும் இடம் தேவைப்படுமா?'
ஜெஸ்மிலா தன் தாள்களைப் பார்த்தாள்.
நான் அரை வாளிப் பெயின்டைப் பார்த்தேன்.
'மூடியை இறுக்கிப் போட்டு
நிழலில வைங்க காக்கா.'