கினிகத்தேனையில் இரண்டரை மணித்தியாலம்

கப்பல் ஏழு மணிக்குக் கொழும்பில் கட்டும்.
எட்டுக்கு அவரை வெளியே விடுவார்கள்.
மாலை ஐந்துக்குள் ஏறிவிட வேண்டும்.
பிந்தினால் கப்பல் நிற்காது,
சம்பளம்தான் நிற்கும்.

கணக்குப் போட்டது நான்.
நோர்வூட் வரை வந்தால்
முகம் கழுவத்தான் நேரம் இருக்கும்.
அதற்குள் லயமே வாசலில் வந்து நிற்கும்.
ஒருவருக்கு ஃபோன் கவர், ஒருவருடைய மகனுக்கு வேலை,
கப்பலுக்குள் நீச்சல்குளம் இருப்பது மெய்தானா என்று
சின்னராணி அக்காவுக்குத் தெரிந்தாக வேண்டும்.
ஆகவே,
நீங்கள் பாதி ஏறுங்கள்,
நான் பாதி இறங்குகிறேன் என்று
குரல் பதிவு அனுப்பினேன்.

மாமியிடம் கண் கிளினிக் என்றேன்.
அவர் பெற்ற மகனை
அவருக்குத் தெரியாமல் இரண்டரை மணித்தியாலம்
எடுத்துக்கொண்டேன்.
பஸ்ஸில் இரண்டு தடவை
இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது.
இறங்கவில்லை.

கித்துல்கலையில் ஒரு லொறி குடைசாய்ந்து
இருபத்தைந்து நிமிடத்தைத் தின்றது.
வானிலிருந்து இறங்கியவர்
என்னைப் பார்க்குமுன் கடிகாரத்தைப் பார்த்தார்.
எனக்கும் அதே பழக்கம் வந்திருந்தது.

கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.
அதில் ஒன்பது தண்ணீரில்.

பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை.
இரண்டு ரொட்டி, கட்டைச் சம்பல், பிளேன்டீ.
பார்சிலோனாவில் என்ன பார்த்தீர்கள்?
சிம் விற்கிற கடை.
துபாயில்?
அங்கே சிம் விலை கூட.

அப்புறம் சண்டை.
தம்பியின் ஆட்டோ லீசிங் காசு,
என்னைக் கேட்காமல் அனுப்பியது.
நாற்பது நிமிடம்!
வாட்ஸ்அப்பில் என்றால்
‘நெட்வேர்க் இல்லை’ என்று நழுவிவிடுவார்.
இங்கே எங்கே போவது,
மேசைக்கு அந்தப் பக்கம்தானே இருந்தார்.
ஆசை தீரச் சண்டை போட்டேன்.
கடைக்காரர் வடைத் தட்டை வைத்துவிட்டு
சத்தமில்லாமல் போனார்.

பெரிய பஸ் ஒன்று வந்து நின்றது.
கண்ணாடியில் அவருடைய கப்பலின் பெயர்.
எல்லோரும் கழிப்பறைக்கு ஓட,
ஒரு வெள்ளைக்கார அம்மா மட்டும்
‘டில்லி!’ என்று கூவினாள்.

திலகேஸ்வரன் எழுந்து நின்றார்.
எட்டாம் தளத்தில் அவள் கட்டில்மேல்
துவாயை யானையாய் மடித்து வைக்கிறவர்.
இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள்,
இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டாளாம்.
சுடச்சுட வடை இருக்கிறது,
பனி விலகினால் எதிர்மலை தெரியும், என்றாராம்.
சொல்லும்போது ஒரு சிரிப்புச் சிரித்தார்.
பல் எல்லாம் வரிசையாய், தலை கொஞ்சம் சாய்ந்து.
அந்தச் சிரிப்பை நான் அதுவரை கண்டதில்லை.

பஸ் போனபின் கேட்டேன்:
எனக்கும் அப்படி ஒரு தடவை சிரியுங்கள்.
முயன்றார்.
உதடு ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டது,
பெண் பார்க்க வந்த அன்றைக்குப்போல.
சரி, போதும், என்றேன்.

பனி விலகவே இல்லை.
மீதி நேரம் ஒரே கண்ணாடியில் தேநீர்,
மேசைக்கடியில் என் செருப்பின்மேல் அவர் சப்பாத்து.
ஒன்று முப்பதுக்கு வான்காரன் ஹோர்ன் அடித்தான்.
ஒன்று முப்பத்து நான்குக்குத்தான் எழுந்தோம்.
அந்த நாலு நிமிடம்
யாருடைய கணக்கிலும் இல்லை.

கப்பல் சவுக்காரம் பன்னிரண்டு தந்துவிட்டுப் போனார்,
தீப்பெட்டி அளவில்.
ஒன்றை உடைத்துக் கடைக் குழாயில் கை கழுவினேன்.

வீட்டில் மாமி என் கையைப் பிடித்து மோந்தார்.
என்ன பிள்ளை, இந்த வாசம்?
ஆஸ்பத்திரிச் சவுக்காரம், மாமி.
நெடுநேரம் கையை விடவில்லை.
டொக்டர் என்ன சொன்னார்?

மாசியில் திரும்ப வரச் சொன்னார்.

ம்.
அப்போது என்னையும் கூட்டிக்கொண்டு போ.
எனக்கும் கண்ணில்
கொஞ்ச நாளாய் ஏதோ இருக்கிறது.