இருப்புப் பதிவேடு, ஜாடி 214

தணிக்கைக்கு வந்த சூசைமாணிக்கம்
ஜாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.
"கடலட்டையா? தொண்டிப் பக்கம்
இதுக்குக் கேஸ் போடுறாங்கம்மா."
அட்டை இல்லை சார், நத்தை.
"ஓட்டைக் காணோமே."

பிறந்தபோது இருந்தது,
கடுகைவிடச் சிறிதாக.
மிதந்து திரிந்துவிட்டு
பாறையில் இறங்கும் நாளில்
கழற்றிப் போட்டுவிடும்.
"போட்டுட்டு?"
பதிவேட்டுக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை.

போட்டுவிட்டு,
பூப்போல விரிந்து கொட்டுகிற பிராணிகளைத் தின்னும்.
சதை செரிக்கும், கொடுக்கு செரிக்காது.
அதை முதுகுத் தூவிகளின் நுனிக்கு ஏற்றிக்கொள்ளும்.
களவாடிய ஆயுதம் சார்.

அவர் சிரிக்கவில்லை.
விரல் வரியில் ஊர்ந்தது.
"நிறம் செம்மஞ்சள்னு இருக்கு.
இது வெள்ளை.
நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

ஸ்பிரிட்டில் போட்டதுமே நிறம் இறங்கிவிடும்.
எழுபத்து நாலில் யாரோ
குளிர்நாட்டுப் பாறையிலிருந்து எடுத்து வந்தது,
சுண்டுவிரல் நகமளவு.
அங்கே கோடையிலும் கடல் பதினான்கு டிகிரியாம்.
தேவகோட்டையில்
சித்திரை மதியம் குழாயைத் திறந்தால் கை சுடும்.
மூடியை எவ்வளவு இறுக்கினாலும் ஸ்பிரிட் வற்றும்.
வருஷத்துக்கு இரண்டு முறை நான்தான் ஊற்றுகிறேன்.
ஊற்றும்போது கொஞ்சம் புரளும்.
அதற்குக் கிடைக்கிற அலை அவ்வளவுதான்.

உள்ளது, உடைந்தது, தொலைந்தது.
மூன்று கட்டங்களுக்கு மேல்
பேனா நின்றுகொண்டே இருந்தது.
மின்விசிறி இல்லாத அறை.
அவர் வியர்த்துப்போய்ச் சுவரில் சாய்ந்தார்.
சட்டையில் ஒட்டாத சுவர்.
கல்லூரி வாடகைக்கு எடுத்த செட்டியார் வீடு இது,
சிப்பியும் கிளிஞ்சலும் சுட்டு
அரைத்துப் பூசியது.
எத்தனை லட்சம் ஓடுகளோ
இந்த நாலு சுவருக்கு மட்டும்.
உள்ளே இருந்தவை என்னவாயின என்று
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
ஓடு வேண்டாம் என்றது ஒன்றுதான்
உடம்போடு இருக்கிறது,
ஓடுகளுக்கு நடுவே.
இதை அவரிடம் சொல்லவில்லை.
மணி ஒன்றேகால்.
இன்னும் நூற்றுச் சொச்சம் ஜாடிகள்.

"செம்மஞ்சள்னா, கனகாம்பரமா, மாம்பழமா?"
தெரியாது சார்.
நான் வேலைக்கு வந்தபோதே வெள்ளைதான்.

'உள்ளது' கட்டத்தில் குறி போட்டார்.
பிறகு குறிப்புப் பத்தியில்,
பொடி எழுத்தில், யோசித்து யோசித்து,
"நிறம் நீங்கலாக."

இருநூற்றுப் பதினைந்து?
தேள்.
உள்ளது.