பாரத்துக்கு ஓர் ஆள்

பெரிய கோயில் என்றால் எனக்கு
அகழியோரத்தில் மூன்றாவது புங்கமரம்.
பதினொரு மணிக்கு மேல் அதன் நிழல்
பானெட்டை விட்டு டிக்கிக்கு நகர்ந்துவிடும்.
தரங்கம்பாடி என்றால் கண்ணாடியில் உப்பு;
வைப்பரை ஒரு வாட்டி போட்டுத்தான் கிளம்பணும்.
கல்லணையில் மீன் வறுக்கிற வாசனை
கதவை ஏற்றினாலும் உள்ளே வரும்.
தாராசுரத்தில் ரிவர்ஸ் எடுக்க இடமில்லை.

இருபத்திரண்டு வருஷமாய் ஊர் சுற்றிக் காட்டுகிறேன்.
பார்த்ததெல்லாம் வாசல்.
சீட்டைச் சாய்த்துக்கொண்டு
திரும்பி வருகிறவர்கள் முகத்தை வைத்து
உள்ளே என்ன இருந்திருக்கும் என்று கணக்குப் போடுவேன்.
பிரெஞ்சுக்காரர்கள் களைத்து வருவார்கள்.
பம்பாய்க்காரர்கள் சண்டையோடு.

இந்தப் பொங்கல் லீவுக்கு
ஒரகடத்துக் கார் கம்பெனியிலிருந்து
கொரியாக்காரர் சோ, அவர் மனைவி,
ஆறு வயசில் ஒரு பெண்.
பெயர் கேட்டார். பக்கிரிசாமி என்றேன்.
"பாக்?" என்று நிறுத்திச் சிரித்தார்.
அவர் ஊரில் தெருவுக்குப் பத்து பேர் பாக்காம்.
அதிலிருந்து நான் மிஸ்டர் பாக்.
குழந்தை பெயர் ஹாரின்.
அம்மா கூப்பிடும்போதெல்லாம்
என் கை ஸ்டியரிங் நடுவுக்குப் போனது.

முத்துப்பேட்டை, ஜாம்பவானோடைப் படகுத்துறை.
புளியமர நிழலாய்ப் பார்த்து நிறுத்திவிட்டுச்
செருப்பைக் கழற்றினேன்.
படகுக்காரர் நூகு மூன்று பேரையும்
தராசில் வைத்த மாதிரிப் பார்த்தார்.
"எல்லாம் பஞ்சு. வாடைக்காத்துல படகு நிக்காது.
டிரைவர், நீங்க வாங்க.
பாரத்துக்கு ஓர் ஆள் வேணும்."

தொண்ணூறு கிலோ.
சர்க்கரை டாக்டர் மாசாமாசம் திட்டுகிற தொண்ணூறு கிலோ.
அதுதான் டிக்கெட்.

கோரையாறு அகன்றுகொண்டே போனது.
எனக்குக் கோட்டூர்ப் பக்கம்.
இந்தத் தண்ணீருக்குத்தான்
மண்வெட்டியோடு ராத்திரி முழித்திருக்கிறோம்;
கடைமடை, கடைமடை என்று மனு எழுதியிருக்கிறோம்.
எங்கள் மடையையும் தாண்டி
அதற்கு ஒரு போக்கிடம் உண்டு என்று
எந்த மனுவிலும் இல்லை.

அலையாத்திக் காட்டுக்குள் எஞ்சினை அணைத்தார்.
சேற்றிலிருந்து மூச்சுவேர்கள்,
நாற்று நட்டுவிட்டு யாரோ
இலையை மட்டும் கிள்ளிப்போன மாதிரி.
நடுவே ஏதோ ஒன்று,
மீன் என்றால் மீன், ஓணான் என்றால் ஓணான்,
துள்ளித் துள்ளி நடந்தது.
"மிஸ்டர் பாக், அது பெயர் என்ன?"

முப்பது கிலோமீட்டரில் வீடு. தெரியவில்லை.
நூகுவைக் கேட்டுச் சொன்னேன்: உளுவை.
"உல்லுவே" என்றாள் ஹாரின்.
அப்புறம் எனக்கு வாய் நிற்கவில்லை.
அந்தக் காய் என்ன, இந்தக் கால்தடம் நரியா நாயா,
தண்ணீர் எந்த இடத்தில் உப்பாகிறது.
"நீங்க டிரைவரா டூரிஸ்டா?" என்றார் நூகு.

காயல் திறந்தது.
தூரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு.
கோடு எழுந்தது.
பூநாரை, பூநாரை என்று நான்தான் கத்தியிருக்கிறேன்;
எழுந்தும் நின்றிருக்கிறேன்.
படகு ஒருபக்கம் சரிய
நூகு போட்ட சத்தம் கோடியக்கரைக்குக் கேட்டிருக்கும்:
"பாரம்! யோவ், பாரம் எடத்துல உக்காரணும்!"

சோவின் மனைவி போனை எடுத்தார்.
பழக்கத்தில் வாங்கக் கை நீட்டினேன்.
அவர் அதை நூகுவிடம் கொடுத்துவிட்டார்.
படத்தில் ஹாரின் பல்லைக் காட்டுகிறாள்.
என் இரண்டு கையும் முன்னால் நிற்கின்றன,
ஸ்டியரிங் இல்லாமல்.

கரையேறினால் வண்டி முழு வெயிலில்.
நிழல் எப்போது நகர்ந்ததோ.
சீட் சுடுகிறது என்று குழந்தை அழுதாள்.
மன்னிப்புக் கேட்டு, ஏசியை நாலில் வைத்தேன்.

ராத்திரி தஞ்சாவூர் ஹோட்டல் வாசலில்
ட்ரிப் ஷீட் எழுதினேன்.
வெயிட்டிங்: இரண்டரை மணி நேரம்.
அதற்கும் காசு உண்டு.
வாங்க மனசு வரவில்லை.
வாங்கினேன்.